பின் சீட்டில் ஒரு கதவு

என் நாத்தனாரை இந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் பழுது பார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று அவள் சொல்லுவாள். வாயால் குத்துவதால் வந்தது என்று நான் சொல்லுவேன். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். எண்ணெய் விடாமல் அதைப் பட்டினி போட்டவர்களை அதே மூச்சில் நாலு கேள்வி கேட்கவும் செய்வாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் பலமில்லாமல் ஆக்கிவிட்டது. கட்டை ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் சைடு வீல் வைத்த தன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. கட்டை இரண்டையும் பக்கத்துக் கொக்கியில் மாட்டி, கருவிப் பெட்டியைக் காலடியில் வைத்து, ஒரு முறுக்கு முறுக்கினால் பறப்பாள்.

பறப்பாள் என்றேனே, எவ்வளவு தூரம்? ஒரு டேங்க் தூரம். அதிலும் பாதி போவதற்கு, பாதி திரும்பி வருவதற்கு.

காரணம், அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுகிற மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்க வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவர் இறங்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ சுவரோ இருந்தால் ஊசி யார் தயவும் இல்லாமல் இறங்கிவிடுவாள். பெட்ரோல் பங்கில் என்ன இருக்கிறது? பிசுபிசுத்த தரை, அதில் வழுக்குகிற கட்டை, பின்னால் ஹாரன் அடிக்கிற வரிசை. அதனால் அவள் ஒரே ஒரு பங்கில்தான் பெட்ரோல் போடுவாள். அவளுடைய அண்ணன் வேலை பார்க்கிற பங்கு. அந்த அண்ணன்தான் என் வீட்டுக்காரர்.

அவரையும் அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜீரோ அண்ணன். பெட்ரோல் ஊற்றுகிற நாஸிலைக் கையில் எடுத்ததும், எதிரில் நிற்பது யாராக இருந்தாலும், "ஜீரோ பாத்துக்கங்க" என்பார். மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வது. தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார், பக்கத்தில் படுத்திருந்த நானே கேட்டிருக்கிறேன். நானும் ஒரு நாள் "பாத்துட்டேன், தூங்குங்க" என்று சொல்லி வைத்தேன்.

தங்கச்சி வண்டி பங்குக்குள் நுழைந்தால் மட்டும் அந்த மனுஷனுக்கு ஜீரோவும் மறந்துவிடும், ஒன்றும் மறந்துவிடும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். அவளை அணைத்து இறக்கி, டயருக்குக் காற்றடிக்கிற மூலையில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வைப்பார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ரொப்பி, தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி தூக்கி உட்கார வைப்பார். தினமும் சாயந்தரம் வேலை முடிந்ததும், கூட்டிப்போக வருகிற அதே வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போவார். பங்குக்கு நேர் எதிரே வண்டி சீட்டுத் தைக்கிற கடை வைத்திருக்கிற நான், கட்டின பொண்டாட்டி, கடையைச் சாத்திவிட்டுத் தனியாக நடந்து வருவேன். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லுகிறேன்.

ஒரே ஒரு தடவை ஊசி வேறு பங்குக்குப் போனாள். அங்கே இருந்த ஆளும் வரிசையில் நின்ற இன்னொருவனும் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை அக்குளில் கை கொடுத்து மூட்டை மாதிரித் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். வைத்துவிட்டு, "பாவம்" என்றும் சொன்னார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் யாரோடும் பேசவில்லை. வாயே ஆயுதமாக இருக்கிறவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு பேரும் கையில் கிடைத்திருந்தால் என் பெரிய கத்தரிக்கோலுக்கு வேலை வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் உலகம் அண்ணனுடைய பங்கிலிருந்து அரை டேங்க் தூரத்தில் முடிந்துபோயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. மலையைச் சுற்றிப் போகிற சாலையில், இரண்டு ஊர் தள்ளி, பெரிய துணித் தொழிற்சாலை. அதற்கு அக்கம்பக்கத்து ஊர்களில் கிளைக் கூடங்கள் வேறு. எல்லாவற்றிலும் இருக்கிற மெஷின்களைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்ள ஒரே ஆள் வேண்டும். ஊசி பழுது பார்த்த மெஷின் ஒன்று எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து, அது ஓடுகிற அழகைப் பார்த்து, இதைத் தொட்ட கை யாருடையது என்று விசாரித்து அவர்களே கூப்பிட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

அண்ணனும் தங்கச்சியும் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஊசியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"அந்த முதலாளியம்மா என்னைக் கேள்வி கேட்டாங்க அண்ணி. ஒண்ணுக்கும் நான் பதில் சொல்லல."

"ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என் வாயில ஒண்ணும் இல்ல. அண்ணன் வாயில எல்லாம் இருந்துச்சு. எந்த மெஷின் தெரியும்னு கேட்டாங்க, அண்ணன் சொன்னாரு. என்னைக்கு வர முடியும்னு கேட்டாங்க, அண்ணன் சொன்னாரு. தினமும் இவ்வளவு தூரம் எப்படி வருவேன்னு கேட்டாங்க. நான் கூட்டிட்டு வர்றேன்னு அண்ணன் சொன்னாரு."

"உதவியாத்தானே சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றியபடி.

"கடைசியா அந்தம்மா என்னைப் பாத்தே கேட்டாங்க: வேலை உனக்கா, உங்க அண்ணனுக்கா? தனியா வந்து, தனியா எல்லாக் கூடத்தையும் சுத்திட்டு, தனியா வீட்டுக்குப் போக முடியும்னா திங்கக்கிழமை காலையில வா. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டாங்க."

வீட்டுக்காரர் கையை விரித்தார். "அவ்வளவு தூரம் போய்ச் சுத்திட்டு வர ஒரு டேங்க் பத்தாது குட்டி. நடுவுல எங்கயாவது போட்டாகணும். அங்க உன்னை யாரு இறக்குவா? விடு. நான் எதுக்கு இருக்கேன்?"

நல்ல மனுஷன்தான். ஒரு சுடுசொல் தெரியாது. ஆனால் 'நான் எதுக்கு இருக்கேன்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஊசியின் தோள் கொஞ்சம் இறங்கும். அன்றைக்கும் இறங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் ஆகாது, எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மறுநாள் ஊசி கடைக்கு வந்தாள். வண்டியை வாசலில் நிறுத்தி, கதவுக் கம்பியைப் பிடித்துத் தானே இறங்கி, கட்டையை ஊன்றி உள்ளே வந்து என் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே அதற்கு எண்ணெய் விட ஆரம்பித்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

"அண்ணி, நான் உக்காந்திருக்கிறது முன் பாதியில. மூடி இருக்கிறது பின் பாதிக்கு அடியில. முழு சீட்டையும் எதுக்குத் தூக்கணும்? பின் பாதியில சின்னதா ஒரு கதவு வெச்சா என்ன? நான் இருந்த இடத்துலயே இருக்கேன், கதவைத் திறந்து விடுறேன், அவங்க ஊத்திட்டுப் போறாங்க. யாரும் என்னைத் தொட வேண்டாம்."

நான் எழுந்துபோய் அந்த சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூடி இருந்தது. நடுவில் இல்லை, இடது பக்கமாக நாலு விரல் தள்ளி. அதற்கு மேல் பிளாஸ்டிக் தட்டு, தட்டின் மேல் ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்சின் மேல் ரெக்ஸின். எல்லாம் என் கை பழகியவை. லாரி சீட்டிலிருந்து குழந்தை சைக்கிள் சீட்டு வரை தைத்தவள் நான். கிழிந்ததை மூடுவதுதான் என் தொழில், நல்லதைக் கிழிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டதும் கை ஊறியது.

"முடியுமா அண்ணி?"

"முடியாதுன்னு சொன்னா நாளைக்கே இந்தக் கடை போர்டைக் கழட்டிடு" என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னோம். சாதத்தில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"நல்லா இருக்கிற சீட்டை யாராவது வெட்டுவாங்களா? மழை பெஞ்சா தண்ணி டேங்குக்குள்ள இறங்கும். நடுரோட்டுல வண்டி நின்னா என்ன பண்ணுவ?"

"ரப்பர் வெச்சு அடைப்பேன்" என்றேன்.

"கதவு தானா திறந்துக்கிட்டா?"

"கொக்கி போடுவேன்."

"கொக்கி உடைஞ்சா?"

"உங்க வாயை வெச்சு அடைப்பேன். அதுதான் எப்பவும் திறந்தே இருக்கே!"

ஊசிக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "என்னமோ செய்ங்க. சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். வீட்டுக்காரருக்கு அன்றும் பங்கில் வேலை. ஊசி என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கழற்றிய நீளக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால் நின்று அளவெடுத்தேன். இடது பக்கம் நாலு விரல். மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டேன். சீட்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து, வழக்கம்போலக் குப்புறப் போட்டேன். அடியில் அடித்திருந்த கம்பிப் பின்களை எல்லாம் பிடுங்கி ரெக்ஸினை உரித்தேன். தட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டேன், இடது பக்கம் நாலு விரல். ரம்ப வாளை எடுத்து அறுத்தேன். ஸ்பாஞ்சையும் அதே அளவுக்குச் செதுக்கினேன். கை சும்மா வெண்ணெயில் போவது போலப் போயிற்று. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

சீட்டை நிமிர்த்தி வண்டியில் வைத்துப் பார்த்தோம். ஓட்டை வலது பக்கம் இருந்தது. மூடி இடது பக்கம் இருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சீட்டுத் தைக்கிறவர்கள் எல்லா வேலையையும் குப்புறப் போட்டுத்தான் செய்வோம், கம்பிப் பின் அடிப்பதெல்லாம் அடியில்தானே. குப்புறப் போட்ட சீட்டில் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். இத்தனை வருஷமும் அது ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை. எந்த சீட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். சீட்டுக்கு ஏது இடமும் வலமும்? இந்த மூடிக்குத்தான் இருந்தது.

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சிட்டேனே! இந்த வாளைக் கொண்டுபோய்க் குப்பையில போட!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். வாள் என்ன அண்ணி பண்ணும்?" என்றாள் ஊசி. அந்த நேரத்திலும் குத்தல்.

வேறு சீட்டு வாங்கலாம் என்றால் அது பழைய மாடல், சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். அதற்குள் திங்கள்கிழமை வந்து போய்விடும். இடது பக்கம் இன்னொரு ஓட்டை போடலாம் என்றால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சும், உட்கார்ந்த முதல் நாளே முறியும். நான் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தேன். அவளுடைய வேலை என் கையால் போகப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

ஊசி கட்டையை ஊன்றி எழுந்து வந்து அந்த சீட்டை உற்றுப் பார்த்தாள். மெஷினைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அண்ணி, சேத்து வெட்டிடுங்க."

"எதை?"

"நடுவுல இருக்கிறதை. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும். பின் பாதி மொத்தமும் ஒரே கதவா ஆயிடட்டும். கீலைப் பின்னால வெச்சிடுங்க, கொக்கியை எனக்குப் பின்னால. நானே கையைத் திருப்பித் திறப்பேன். சின்னக் கதவை விட இது வசதி. மூடி இடதுல இருந்தா என்ன, வலதுல இருந்தா என்ன?"

யோசித்துப் பார்த்தேன். செய்யலாம். நன்றாகவே வரும். ஆனால் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்ததும் என் கை நின்றது. ஆள் பாரத்தைத் தாங்குவது தட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பர்க் கால்கள். பின் பாதியை முழுதாக வெட்டினால் பின்னால் இருக்கிற இரண்டு காலும் போய்விடும். அப்புறம் அது வெறும் மூடிதான். ஒரு பை வைக்கலாம். ஆள் உட்கார முடியாது.

"ஊசி, இதை வெட்டிட்டா உங்கண்ணன் உக்கார இடம் இருக்காதுடி."

அவள் முதன்முதலாக வண்டி ஓட்டிப் பழகிய நாளிலிருந்து பின்னால் உட்கார்ந்திருந்தது அந்த அண்ணன்தான். எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதியபோதும் பின்னால் இருந்து அவள் தலையைத்தான் பிடித்துக்கொண்டாராம், தன் தலையை விட்டுவிட்டார். நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"தெரியும் அண்ணி" என்றாள். "வெட்டுங்க."

வெட்டினேன். இந்தத் தடவை மேலேயும் கீழேயும் இரண்டு முறை புரட்டிப் பார்த்து, அவளையும் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் வாளை வைத்தேன். ஒரு தகட்டை அளவாக வெட்டிக் கதவுக்கு அடித்தட்டாக்கினேன். அதன் மேல் ஸ்பாஞ்சை ஒட்டி, ரெக்ஸினைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்தேன். சுற்றிலும் ரப்பர். பின்னால் டிரங்குப் பெட்டிக் கீல். முன்னால் கொக்கி. மூடினால் வெட்டிய இடம் ஒரு தையல் கோடு மாதிரிதான் தெரிந்தது. மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஊசி வண்டியில் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் திருப்பிக் கொக்கியைத் தட்டினாள். கதவு டக்கென்று எழுந்தது. மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள், திறந்தாள்.

"போதும்டி, தேஞ்சிடப் போகுது" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயந்தரம் வேலை முடிந்து வீட்டுக்காரர் சாலையைக் கடந்து வந்தார். கதவைத் திறந்து காட்டினோம். தலையை ஆட்டினார். மூடிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். தகடு லேசாக உள்வாங்கியது. அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

"இதுல ஆள் உக்கார முடியாதே."

"முடியாது" என்றேன்.

"அப்ப நான்?"

நான் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்டதில்லை. "வண்டி அவளுதா, உங்களுதா? அவ போறதுக்கு வழி பண்ணச் சொன்னா நீங்க உக்காற இடத்தைத் தேடுறீங்க! அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு? வேலை அவளுக்கா, உங்களுக்கா? எத்தனை நாளைக்கு அவளை அந்தக் காத்தடிக்கிற நாற்காலியிலேயே உக்கார வெச்சிருப்பீங்க?"

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. ஊசி மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, நீ தூக்கறது எனக்கு ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்ல. ஆனா தூக்க நீ இருக்கிற இடத்துக்குத்தான் நான் போக முடியுது. அதுதான் கஷ்டமா இருக்கு."

அவர் வெளியே போனார். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவினார், அவ்வளவு அழுக்கு அந்தக் கையில் கிடையாது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கதவைத் திறந்து, குனிந்து மூடியைப் பார்த்தார்.

"நாஸிலை வெளிய எடுக்கும்போது ஒரு சொட்டு விழும். எவ்வளவு ஜாக்கிரதையா எடுத்தாலும் விழும். அது நேரா உன் ஸ்பாஞ்சு மேலதான் விழும். பெட்ரோல் பட்டா உன் பசை என்ன ஆகும்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கரைந்துவிடும். ஒரே வாரத்தில் கதவு உரிந்து வந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தும் இது தோன்றவில்லை.

"ஒரு தகடு குடு" என்றார். தானே வளைத்தார். மூடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் மாதிரி விளிம்பு வைத்து, சிந்துவது ஸ்பாஞ்சுப் பக்கம் வராமல் வெளியே வடிந்து போகும்படி ஒரு மூலையைச் சாய்த்துவிட்டார். ஊசி திருகைப் பிடிக்க, அவர் முடுக்கினார். அவள் கை நீட்டுவதற்குள் அடுத்த திருகு அவர் கையிலிருந்து வந்துவிட்டது.

அன்று ஊசி தனியாக வண்டியில் போனாள். அவர் பங்குக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டு, நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

திங்கள்கிழமை காலை நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஊசியின் வண்டி பங்குக்குள் நுழைந்தது. எப்போதும் நேராகக் காற்றடிக்கிற மூலைக்குப் போகிறவள், இன்றைக்கு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவருக்கு உதவியாக நிற்கிற பெண் கத்தினாள்: "ஜீரோ அண்ணே, உங்க தங்கச்சி!"

"பாத்தேன். வரிசையில வரட்டும்" என்றார். குரல் சாலை தாண்டி எனக்குக் கேட்டது.

நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவள் முறை வந்தது. எஞ்சினை அணைத்தாள். கையைப் பின்னால் திருப்பினாள். கதவு எழுந்தது. அவர் மூடியைத் திருகி எடுத்து, நாஸிலைக் கையில் பிடித்தார். தங்கச்சியைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தார்.

"ஜீரோ பாத்துக்கங்க மேடம்."

ஊசி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தையை ஊரில் எல்லோருக்கும் சொன்ன மனுஷன் அவளிடம் மட்டும் சொன்னதில்லை. அவள் உட்காருகிற நாற்காலியிலிருந்து மீட்டரே தெரியாது. நிமிர்ந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள், பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

"பாத்துட்டேன். ஃபுல் பண்ணுங்க" என்றாள்.

அவர் ரொப்பினார். நாஸிலை எடுக்கும்போது ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும், தோளில் கிடந்த துணியால் தகட்டைத் துடைத்தார். அவள் கதவை அழுத்தி மூடினாள். வண்டி சாலையில் ஏறி மலைப் பக்கம் திரும்பியது. அந்த வண்டி மலைப் பக்கம் தனியாகப் போய் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் அடுத்த வண்டிக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆளிடம் ஜீரோ சொல்ல மறந்துவிட்டார் என்று உதவிக்கு நிற்கிற பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு சீட்டுக்கு ரெக்ஸினைப் புறம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். எதிரே அவரும் ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் பண்ணலாம் என்று கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார். நான் கையை ஓங்கினேன். வைத்துவிட்டார்.

வெயில் இறங்கி, அவர் வேலை முடிகிற நேரத்துக்கு ஊசி வந்து சேர்ந்தாள். வண்டியை என் கடை வாசலில் நிறுத்தினாள். தலை கலைந்து, கையெல்லாம் மெஷின் கறுப்பு. சட்டைப் பையில் அந்தத் தொழிற்சாலையின் அடையாள அட்டை குத்தியிருந்தது. முகத்தைப் பார்த்தாலே போதும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சாலையைக் கடந்து ஓடி வந்தார். அட்டையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து பெட்ரோல் முள்ளைத்தான் பார்த்தார். காலையில் ரொப்பிவிட்ட டேங்க் போய்ச் சுற்றித் திரும்பி வர எப்படியும் பத்தாது. முள் பாதிக்கு மேலே நின்றது.

"எங்க போட்ட?" என்றார்.

"மலை தாண்டினதும் ஒரு பங்கு இருக்குண்ணே."

"இறக்கினாங்களா?"

"வந்தாங்க. இறங்க மாட்டேன், நீங்க ஊத்துங்கன்னு கதவைத் திறந்தேன். அந்த ஆளு வாயில ஈ போறது தெரியாம நின்னான்."

"ஜீரோ பாத்தியா?"

"அவன் எங்க சொன்னான்? நாஸிலை உள்ள விடப் போனான். நான்தான், இருப்பா, ஜீரோ பாத்துக்கிறேன்னு நிறுத்தினேன். எங்கண்ணன் பங்குல இப்படியெல்லாம் நடக்காதுன்னும் சொல்லிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் தோள் துணியில் துடைத்தார். பெட்ரோல் துணியால் கண்ணைத் துடைத்தால் எரியாதா? எரிந்திருக்கும். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு பழக்க தோஷத்தில் வண்டியின் பின் பக்கம் போய், கதவின் மேல் கையை வைத்து, ஒரு காலைத் தூக்கப் போனார். பாதியில் நினைவு வந்து காலைக் கீழே வைத்தார். ஊசி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டாள். எஞ்சினைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போ குட்டி. போய்க் கை காலைக் கழுவு. நாங்க வர்றோம்" என்றார்.

அவள் போனாள். தெருமுனை வரை மெதுவாகப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் கையை வீசிப் போகச் சொன்னார். ஒரு முறுக்கு முறுக்கினாள். அடுத்த கணம் ஆள் இல்லை.

நான் ஷட்டரை இழுத்து விட்டேன். அவர் குனிந்து பூட்டைப் போட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் நடந்தோம். பாதித் தெரு வந்த பிறகு, "நம்ம வீடு இவ்வளவு தூரமா?" என்றார்.

"நான் தினமும் நடக்கிற தூரம்தான்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னோடு கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தது அன்றைக்குத்தான்.